ஃபிட்ஸுக்கு மூக்கில் அடிக்கும் மிடாசோலம் ஸ்ப்ரே: மருந்து நல்லது, புட்டிதான் வம்பு

வலிப்பு நோய்க்குத் தொடர்ந்து மருந்து எடுப்பவர்களின் சீட்டில், தினசரி மாத்திரைகளுக்குக் கீழே கடைசி வரியாகப் பல நரம்பியல் மருத்துவர்கள் இதை எழுதுகிறார்கள்: மிடாசோலம் நேசல் ஸ்ப்ரே, தேவைப்பட்டால் மட்டும். மருந்துக் கடையில் கிடைப்பது சளிக்கு அடிக்கும் ஸ்ப்ரே மாதிரியே ஒரு சின்னப் புட்டி. விலை சில நூறு ரூபாய். பல கம்பெனிகள் பல பெயரில் விற்கின்றன. உள்ளே இருக்கும் மருந்து எல்லாவற்றிலும் ஒன்றுதான்; ஆனால் ஒரு அழுத்தலில் எத்தனை மில்லிகிராம் வருகிறது என்பது எல்லாவற்றிலும் ஒன்றல்ல. இந்த விமர்சனத்தின் பெரும்பகுதி அந்த ஒரு விஷயத்தைப் பற்றித்தான்.

முதலில், இது எதற்கு, எதற்கு இல்லை. இது வலிப்பு நோய்க்கான சிகிச்சை அல்ல. நோயைக் கட்டுப்படுத்துவது வால்ப்ரோயேட், லெவெடிராசிட்டம், கார்பமாசெபின் போன்ற தினசரி மாத்திரைகள். சரியான மருந்தைச் சரியாக எடுத்தால் பத்தில் ஏழு பேருக்கு ஃபிட்ஸ் வராமலே வைத்திருக்க முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மாத்திரையை விட்டுவிட்டு ஸ்ப்ரேயை நம்பி இருப்பவர்களுக்கு இந்தப் புட்டி கெடுதலே செய்யும். இதன் வேலை ஒன்றே ஒன்று: வந்த வலிப்பு தானாக நிற்காமல் நீண்டால், ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் வீட்டிலேயே அதை நிறுத்துவது.

கை கால் வெட்டி இழுக்கும் பெரிய வலிப்பில் பெரும்பாலானவை ஒன்றிலிருந்து மூன்று நிமிடத்துக்குள் தானே அடங்கிவிடும். ஐந்து நிமிடம் தாண்டினால் தானாக நிற்கும் வாய்ப்பு குறைகிறது. அந்த எல்லையை வைத்துத்தான் மருத்துவ உலகம் அதை அவசர நிலையாகக் கருதுகிறது. காரணம் மூளைக்குள் இருக்கிறது. நரம்பணுக்களை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருள் வந்து ஒட்டும் ஏற்பிகள், வலிப்பு நீள நீள அணுவின் மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுக்கப்படுகின்றன. மிடாசோலம் வேலை செய்வதும் அதே ஏற்பிகள் வழியாகத்தான். ஆகவே பத்தாவது நிமிடத்தில் கொடுக்கும் மருந்தைவிட ஐந்தாவது நிமிடத்தில் கொடுக்கும் மருந்துக்கு வலு அதிகம். இருபதாவது நிமிடத்தில் எமர்ஜென்சி வார்டில் ஊசி போடுவதைவிட வீட்டில் மூக்கில் அடிப்பதற்கு மதிப்பு வருவது இதனால்தான்.

இரும்புச் சாவியைக் கையில் திணிக்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. வலிப்பு இரண்டு நிமிடத்தில் தானாக நின்றிருக்கும், பெயர் சாவிக்குப் போய்விடும். முதல் நிமிடத்திலேயே ஸ்ப்ரே அடிப்பவர்களிடமும் நடப்பது கிட்டத்தட்ட இதேதான். நின்றிருக்கவேண்டிய வலிப்பு நின்றது, பிள்ளை மட்டும் தேவையில்லாமல் இரண்டு மணி நேரம் தூங்குகிறது. வலிப்பு ஆரம்பித்ததும் கை போகவேண்டிய இடம் புட்டி அல்ல, ஃபோனில் இருக்கும் ஸ்டாப்வாட்ச். ஒன்றன்பின் ஒன்றாக வலிப்பு வந்து நடுவில் நினைவு திரும்பாவிட்டாலும், முன்பு நீண்ட வலிப்பு வந்து ஐ.சி.யூ. வரை போனவராக இருந்தாலும், மருத்துவர் ஐந்து நிமிடத்துக்கு முன்பே கொடுக்கச் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லியிருந்தால் அந்தக் கணக்குத்தான்.

மருந்தாகப் பார்த்தால் குறை சொல்ல அதிகம் இல்லை. மூக்கின் உள்சவ்வில் இரத்தக் குழாய்கள் அடர்த்தி. அங்கே உறிஞ்சப்படும் மருந்து கல்லீரலைச் சுற்றாமல் நேராக இரத்தத்தில் கலக்கிறது. சில நிமிடங்களில் மூளையை எட்டிவிடும். இஸ்ரேலில் காய்ச்சல் வலிப்போடு வந்த குழந்தைகளிடம் செய்து 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், மூக்கில் விட்ட மிடாசோலம் 26 வலிப்புகளில் 23ஐ நிறுத்தியது. இதே குடும்பத்து மருந்தான டயஸிபாம், இரத்தக் குழாயில் ஊசியாகப் போட்டபோது, 26இல் 24ஐ நிறுத்தியது. ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததிலிருந்து வலிப்பு அடங்கும் வரை கணக்கிட்டால் மூக்கு வழிதான் முந்தியது. துடிக்கிற கையில் நரம்பு தேடும் நேரம் மிச்சம்.

வீட்டில் கொடுக்கும் மற்ற வழிகளோடு ஒப்பிட்டாலும் இது மேல். ஆசனவாய் வழி டயஸிபாம் நன்றாக வேலை செய்யும், ஆனால் பஸ் ஸ்டாண்டில் விழுந்த பதினாறு வயதுப் பெண்ணுக்கு யார் கொடுப்பது? கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே விடும் மிடாசோலம் நல்ல முறைதான். பல் கிட்டி, எச்சில் வழியும்போது கொஞ்சம் மருந்து வெளியே வந்துவிடலாம் என்பதே சிக்கல். குளோபசாம் மாத்திரையை வலிப்பு நடக்கும்போது வாயில் போடவே கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். மூக்கு மட்டும் எப்போதும் திறந்திருக்கிறது.

புட்டியிடம்தான் வம்பு ஆரம்பிக்கிறது.

இங்கே கடைகளில் கிடைக்கும் ஸ்ப்ரேக்களில் பொதுவாக இரண்டு வலு உண்டு: ஒரு பஃபுக்கு (அதாவது ஒரு அழுத்தலுக்கு) 0.5 மி.கி., ஒரு பஃபுக்கு 1.25 மி.கி. இரண்டிலும் ஒரு அழுத்தலுக்கு வெளிவரும் திரவம் ஏறத்தாழ 0.1 மி.லி. வழக்கமாக எழுதும் அளவு உடல் எடையில் கிலோவுக்கு 0.2 மி.கி.; எவ்வளவு எடையானாலும் உச்சம் 10 மி.கி. இதை வைத்துக் கணக்குப் போட்டால், 10 கிலோ குழந்தைக்கு 2 மி.கி., அதாவது 0.5 புட்டியில் 4 பஃப், ஒரு மூக்குத் துவாரத்துக்கு இரண்டாக. 15 கிலோவுக்கு 6 பஃப், 20 கிலோவுக்கு 8 பஃப். இதுவரை சிரமமில்லை.

50 கிலோ ஆளுக்கு 10 மி.கி. வேண்டும். 0.5 புட்டியில் அது 20 பஃப், மொத்தம் 2 மி.லி. திரவம். ஒரு மூக்குத் துவாரம் நன்றாக உறிஞ்சிக்கொள்வது கால் மி.லி. அளவுதான், அரை மி.லி. வரை ஓரளவு தாங்கும். ஒரு பக்கத்துக்கு 1 மி.லி. போனால் மிச்சம் தொண்டைக்கு வழிந்து வயிற்றுக்குப் போகும், அங்கிருந்து கல்லீரலில் பெரும்பகுதி அழியும். கூடவே, துடித்துக்கொண்டிருப்பவருக்கு இருபது முறை எண்ணி அழுத்துவது நடக்கிற காரியமில்லை. பெரியவர்களுக்கு 0.5 புட்டி வாங்கி "அடிச்சும் கேக்கலை" என்று சொல்பவர்களில் பலருக்கு நடந்தது இதுதான். அவர்களுக்கு 1.25 புட்டி: 8 பஃப், பக்கத்துக்கு நான்கு, மொத்தம் 0.8 மி.லி.

இதைவிட ஆபத்தானது தலைகீழ் மாற்றம். 20 கிலோ பிள்ளைக்கு "பக்கத்துக்கு 4" என்று மருத்துவர் எழுதியது 0.5 புட்டியை மனதில் வைத்து. கடையில் அந்தக் கம்பெனி சரக்கு தீர்ந்து, "இதுவும் அதே மருந்துதான்" என்று 1.25 புட்டியைக் கொடுத்துவிட்டால், அதே எட்டு பஃபில் போவது 4 மி.கி. அல்ல, 10 மி.கி. இரண்டரை மடங்கு. மூச்சு மந்தமாகி நின்றுபோகும் அபாயம் அங்கேதான் இருக்கிறது. சரியான அளவில் கொடுத்தால் அந்த அபாயம் குறைவு.

ஆகவே வாங்கும்போது கம்பெனி பெயரைப் பார்ப்பதைவிட லேபிளில் "ஒரு ஸ்ப்ரேக்கு இத்தனை மி.கி." என்ற வரியைப் பார்க்கவேண்டும். சில லேபிள்களில் "ஒரு மி.லி.க்கு 5 மி.கி." என்று இன்னொரு எண்ணும் இருக்கும், அதை பஃப் கணக்கில் குழப்பிக்கொள்ளக் கூடாது. சீட்டிலும் "மிடாசோலம் ஸ்ப்ரே, 4 பஃப்" என்று மட்டும் இருந்தால் அது அரைகுறைச் சீட்டு. எத்தனை மி.கி., எந்த வலுவுள்ள புட்டி, பக்கத்துக்கு எத்தனை பஃப் என்று மூன்றையும் மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரு துண்டு பிளாஸ்திரியைப் புட்டியில் ஒட்டி, பேனாவால் பெரிய எழுத்தில்: பெயர், எடை, வலது 4, இடது 4, தேதி. உள்ளே இருக்கும் காகிதம் பெரும்பாலும் பொடி எழுத்து ஆங்கிலம். பாட்டியோ பக்கத்து வீட்டுக்காரரோ அதைப் படித்துக் கொடுக்கப் போவதில்லை. பிள்ளை வளர வளர எண் மாறும்: 12 கிலோவில் 5 பஃபாக இருந்தது 17 கிலோவில் 7 ஆகும். ஒவ்வொரு செக்கப்பிலும் எடை பார்த்தபின் அந்தப் பிளாஸ்திரியை மாற்றி ஒட்டவேண்டும்.

அடிக்கும் முறையில் கவனிக்க நிறைய இருக்கிறது. புதுப் புட்டியின் பம்பில் காற்றுதான் இருக்கும். முதல் சில அழுத்தல்களில் ஒன்றும் வராது, அல்லது சொட்டாக வரும். மெல்லிய புகை போலப் பரவி வரும்வரை காற்றில் அழுத்தித் தயார் செய்யவேண்டும். இதை வாங்கிய அன்றே ஒருமுறை செய்து பழகிவிடுங்கள். மாதக்கணக்கில் சும்மா இருந்தால் பம்ப் மறுபடி வறண்டுவிடும். ஆகவே உண்மையான அவசரத்திலும் முதலில் காற்றில் இரண்டு மூன்று அழுத்தல், புகை வந்தபின் எண்ணத் தொடங்கவேண்டும். இதைச் செய்யாதவர்கள் எட்டு பஃப் அடித்ததாக நினைத்து ஐந்துதான் கொடுத்திருப்பார்கள்.

புட்டிக்குள் ஒரு குழாய் அடிவரை போகிறது. ஆளை ஒருக்களித்துப் படுக்க வைத்துத்தான் ஸ்ப்ரே அடிக்கிறோம், அப்போது கை தன்னாலே புட்டியையும் சாய்த்துவிடும். பாதிக்கு மேல் காலியான புட்டி சாய்ந்தால் குழாயின் நுனி திரவத்துக்கு வெளியே வந்து காற்றை இழுக்கும். பஃப் சத்தம் வரும், மருந்து வராது. தலையை மடியில் லேசாக உயர்த்திப் பிடித்து, புட்டியை முடிந்தவரை நிமிர்த்தியே வையுங்கள். பாதி காலியானதும் புதுப் புட்டி வாங்கிவிடுவது இன்னும் நல்லது. ஐம்பது பஃப் என்று போட்டிருந்தாலும் ஐம்பதையும் நம்ப முடியாது. எத்தனை மிச்சம் என்று காட்டும் எண்காட்டி இந்தப் புட்டிகளில் கிடையாது. ஆஸ்துமா இன்ஹேலர்கள் சிலவற்றில் இருப்பதை இதற்கும் வைத்திருக்கலாம்.

நுனியை மூக்கின் நடுச்சுவரை நோக்கி வைக்காமல், அதே பக்கத்துக் கண்ணின் வெளி ஓரத்தை நோக்கிச் சற்றே சாய்த்து வைக்கவேண்டும். முழுதாக அழுத்தி, முழுதாக மேலே வரவிட்டு, அடுத்தது. பாதி அழுத்தினால் பாதி மருந்து. வலது ஒன்று, இடது ஒன்று என்று மாற்றி மாற்றி அடித்தால் ஒவ்வொரு பக்கத்துக்கும் உறிஞ்ச ஒரு நொடி கிடைக்கும். வாய்விட்டு எண்ணுங்கள். எண்ணிக்கை தவறிப்போனால் முதலிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். அத்தோடு நிறுத்திக் கடிகாரத்தைப் பாருங்கள். சளி ஒழுகினால் முன்னதாகத் துணியால் துடைத்துவிடவேண்டும். மூக்கு கெட்டியாக அடைத்திருந்தாலோ இரத்தம் வந்துகொண்டிருந்தாலோ இந்த வழியே சரிவராது, அன்றைக்கு என்ன செய்வது என்று முன்கூட்டியே கேட்டு வைத்திருக்கவேண்டும்.

மருந்து மூக்கில் எரியும். மிடாசோலத்தைத் தண்ணீரில் கரைத்து வைக்க அமிலத்தன்மை தேவைப்படுகிறது. சவ்வைத் தொட்டதும் எரிச்சல், கண்ணில் நீர், தும்மல். அது அலர்ஜி அல்ல. ஆனால் தும்மலில் கொஞ்சம் மருந்து வெளியேறும், அதை ஈடுகட்டக் கூடுதலாக அடிக்கக் கூடாது.

கொடுத்தபின் பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்குள் இழுப்பு குறையத் தொடங்கும். கொடுத்து ஐந்து நிமிடமாகியும் இழுப்பு நிற்காவிட்டால் 108ஐக் கூப்பிடவேண்டும், இலங்கையில் 1990. இதுவே வாழ்நாளில் முதல் வலிப்பு, தண்ணீரில் இருக்கும்போது வந்தது, தலையில் அடி, கர்ப்பிணி, சர்க்கரை நோயாளி, மூச்சு சரியில்லை என்றால் ஐந்து நிமிடமெல்லாம் பார்க்காமல் உடனே கூப்பிடுங்கள். இரண்டாவது முறை அடிக்கலாமா என்பது மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால் மட்டும், அவர் சொன்ன இடைவெளியில். எழுதவில்லை என்றால் ஒரு முறையோடு சரி. ஆஸ்பத்திரியில் சொல்ல வேண்டியவை இரண்டு: எத்தனை மணிக்கு, எத்தனை மி.கி. அங்கே லோராசிபாம் ஊசி போடுவார்கள், அதுவும் இதே குடும்பம். ஏற்கெனவே போனது தெரியாமல் மேலே மேலே ஏற்றினால் மூச்சு அமுங்கும். புட்டியையே கையோடு கொண்டு போய்விடுங்கள்.

நின்றபின் ஆள் தூங்குவார். தூக்கம் இயல்பு, குறட்டை மாதிரி மூச்சும் ஓரளவு இயல்பு. மார்பு சீராக ஏறி இறங்குகிறதா, உதடு நீலமாகிறதா என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கவேண்டும். ஒருக்களித்த நிலையை மாற்ற வேண்டாம். முழுதாக விழித்துப் பெயர் சொல்லும்வரை தண்ணீர், காபி, மாத்திரை எதுவும் வாயில் வேண்டாம். விழித்தபின் அன்றைய தினசரி மாத்திரையைத் தவறவிடக் கூடாது. ஸ்ப்ரே கொடுத்தோமே என்று அதை நிறுத்துவது அடுத்த வலிப்புக்கு வழி. அன்றைக்கு வண்டி ஓட்டுவது கிடையாது.

தூக்கத்தில் மூச்சு நிற்கும் தொந்தரவு, கடும் நுரையீரல் நோய், மயஸ்தீனியா போன்ற தசைத் தளர்ச்சி நோய் உள்ளவர்களும், மார்ஃபின், டிரமடால் வகை வலி மருந்து எடுப்பவர்களும் மருத்துவரிடம் தனியாகப் பேசாமல் இதை வைத்துக்கொள்ளக் கூடாது. மது உள்ளே போயிருந்தால் அபாயம் பல மடங்கு. கிளாரித்ரோமைசின் (ஆன்டிபயாட்டிக்), இட்ராகொனசோல் (பூஞ்சைத் தொற்றுக்கான மருந்து) போன்றவை மிடாசோலம் உடலைவிட்டுப் போவதைத் தாமதப்படுத்தும். அந்த நாட்களில் தூக்கம் நீளலாம்.

வாங்குவது சில ஊர்களில் அலைச்சல். மிடாசோலம் எச்1 அட்டவணை மருந்து: சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது, கொடுத்ததைத் தனிப் பதிவேட்டில் மருத்துவர் பெயர், நோயாளி பெயரோடு எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்கவேண்டும். இந்தத் தொல்லைக்காகவே சின்னக் கடைகள் வைப்பதில்லை. பெரிய ஆஸ்பத்திரிகளின் மருந்தகத்தில் கேட்பதே வேலை குறைவு. தெரிந்த கடை என்று சீட்டில்லாமல் கொடுக்கிறவர் வலுவையும் கவனிக்காமல்தான் கொடுப்பார்.

வெளிநாட்டில் இதே மருந்து வேறு உருவில் வருவதைப் பார்த்தால் நம் புட்டியின் குறை பளிச்சென்று தெரியும். அமெரிக்காவில் 2019இல் அனுமதி பெற்ற நேசிலாம், 12 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு ஒரே அழுத்தலில் 5 மி.கி. கொடுக்கும், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் கருவி. காற்றில் அழுத்திப் பார்க்கவே கூடாது, பார்த்தால் மருந்து போய்விடும். ஐரோப்பாவில் 2011இலிருந்து இருக்கும் பக்கோலம், கன்னத்தில் விடுவதற்கு வயதுவாரியாக 2.5, 5, 7.5, 10 மி.கி. என நிரப்பி நிறம் பிரித்த சிரிஞ்சுகள். இரண்டிலும் பதற்றத்தில் எண்ணும் வேலை இல்லை. விலையில் நம்முடையதோடு ஒப்பிடவே முடியாது என்பதும் உண்மை. நம் புட்டி ஒன்றின் விலை சில நூறு ரூபாயாக இருப்பதால்தான் வீட்டுக்கு ஒன்று, பள்ளிக்கு ஒன்று என்று இரண்டு வைத்துக்கொள்ள முடிகிறது. மருந்துக்கு ஐந்துக்கு நாலரை கொடுக்கலாம். பம்புக்கும் லேபிளுக்கும் இரண்டரைக்கு மேல் மனசு வரவில்லை.

பள்ளியில் கொடுக்கும் புட்டியோடு ஒரு பக்கக் கடிதம் தமிழிலேயே போகட்டும்: எத்தனை நிமிடத்தில் அடிப்பது, பக்கத்துக்கு எத்தனை, யாரைக் கூப்பிடுவது. புட்டி ஆசிரியர் அறையில் கை எட்டும் இடத்தில் இருக்கவேண்டும். பூட்டிய பீரோவில் வைத்தால் சாவி தேடும் நேரத்தில் ஐந்து நிமிடம் பத்தாகும். மே மாத வெயிலில் காருக்குள்ளோ ஸ்கூட்டர் டிக்கியிலோ விடக் கூடாது. லேபிளில் போட்ட வெப்பநிலைக்குக் கீழே, வெளிச்சம் படாமல். ஃப்ரீசரில் வைக்கவே கூடாது.

எல்லோருக்கும் இது தேவையில்லை. சில நொடி வெறித்துப் பார்த்துவிட்டு மீளும் வகை வலிப்புக்கும், காலையில் எழுந்ததும் கை உதறி டம்ளர் தவறும் வகைக்கும், மருந்தில் ஆண்டுக்கணக்காக ஒன்றும் வராமல் இருப்பவர்களுக்கும் வாங்கி வைப்பதில் பெரிய பலன் இல்லை. காய்ச்சல் வலிப்பு ஒரே ஒருமுறை வந்து இரண்டு நிமிடத்தில் நின்ற குழந்தைக்கும் பெரும்பாலும் வேண்டியதில்லை. முன்பு ஐந்து நிமிடம் தாண்டியவர்கள், கொத்துக்கொத்தாக வலிப்பு வருபவர்கள், ஆஸ்பத்திரிக்கு அரைமணி நேரத்துக்கு மேல் பயணம் உள்ள ஊர்க்காரர்கள் அடுத்த செக்கப்பில் மருத்துவரிடம் தாங்களே கேட்கவேண்டும், நெரிசலான ஓ.பி.யில் அவருக்கு நினைவு வராமல் போகலாம்.